குளம்படிகளும் காலடிகளும்: சியெரா நெவாடா ஏரிக்கரை முகாம்களின் கதை

ஒரு கழகத்தின் யாப்பிலிருந்து ஒரேயொரு வினைச்சொல் நீக்கப்படுவது எந்தப் பத்திரிகையிலும் செய்தியாக வருவதில்லை. செய்தி ஆசிரியரின் மேசைக்கு அது வந்திருந்தால் குப்பைக்கூடைக்கே போயிருக்கும். ஆயினும் 1951ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சியெரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புக் கழகம் தனது நோக்கங்களிலிருந்து நீக்கிய ஒரு சொல்லுக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. மலைகளுக்குள் சென்று ஆராய்வது, அவற்றை அனுபவித்து மகிழ்வது, மக்கள் அவற்றை எளிதில் அணுகும்படி செய்வது என்பனவே 1892இல் அக்கழகம் தொடங்கப்பட்டபோது முன்வைக்கப்பட்ட நோக்கங்கள். இவற்றுள் மூன்றாவது 1951இல் எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் 'பாதுகாப்பது' என்ற சொல் வைக்கப்பட்டது.

அந்த மாற்றத்தைச் செய்ய வைத்தவை புத்தகங்களோ மேடைப் பேச்சுகளோ அல்ல. ஆண்டுதோறும் கோடையில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சூழ, நூற்றுக்கணக்கானோர் மலையேரிகளின் கரைகளில் அடித்த கூடாரங்களே அதைச் செய்ய வைத்தன. அந்தக் கதையையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

சியெரா நெவாடா மலைத்தொடர் கலிபோர்னியாவின் கிழக்குப் புறத்தில் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 400 மைல் நீளத்துக்குக் கிடக்கின்றது. பனியாறுகள் குடைந்தெடுத்த பள்ளங்களில் ஆயிரக்கணக்கான சிறு ஏரிகள். ஏரியை அடுத்து ஒரு புல்வெளி, புல்வெளியை அடுத்து பைன் மரங்கள், அவற்றுக்கு மேல் வெறும் கருங்கல். பனி உருகி முடியும் யூலை மாதத்திலிருந்து மீண்டும் பனி விழும் செப்ரெம்பர் இறுதி வரை மட்டுமே அங்கு மனிதர் தங்க முடியும்.

வெள்ளையர் வருவதற்கு முன்னர் அங்கு பாதைகள் இருக்கவில்லை என்று எண்ணுவது தவறு. மலைக்குக் கிழக்கே மோனோ ஏரிப் பக்கத்தில் வாழ்ந்த பையூட் மக்கள் எரிமலைக் கண்ணாடிக் கற்களையும் பைன் விதைகளையும் சுமந்து கணவாய்களைக் கடந்து மேற்கே வந்தனர். மேற்குப் புறத்து மக்களிடமிருந்து ஓக் மரத்துக் கொட்டைகளைப் பெற்றுத் திரும்பினர். கால்நடையாகச் சென்ற வணிகம் அது. இன்று ஜோன் மியூர் பாதை என்று உலகம் அறிந்த நெடும்பாதையைத் தமது மொழியில் 'மக்களின் பாதை' என்ற பொருள்பட நியூமு போயோ என்றே பையூட் மக்கள் அழைக்கின்றனர்.

அந்த மலைகளின் ஏரிகளில் ஒன்றின் பெயர் தெனாயா. 1851இல் தங்கம் தேடி வந்தோரின் ஆயுதப் படையொன்று யொசெமிட்டிப் பள்ளத்தாக்கிலிருந்து அங்கு வாழ்ந்த மக்களை விரட்டிச் சென்று, அந்த ஏரிக்கரையிலேயே அவர்களைச் சிறைப்பிடித்தது. அவர்களது தலைவரின் பெயர் தெனாயா. ஏரிக்குத் தங்கள் பெயரையே வைக்கப்போகிறோம் என்று படையிலிருந்த மருத்துவர் பனல் கூறியபோது, இந்த ஏரிக்கு ஏற்கனவே ஒரு பெயர் உண்டு என்று தலைவர் பதிலளித்ததாக அந்த மருத்துவரே பின்னர் எழுதினார். 'பைவியாக்' என்பது அந்தப் பழைய பெயர். மினுங்கும் பாறைகளைக் குறிப்பது. நாட்டைப் பறித்தவர்கள் பறிகொடுத்தவரின் பெயரையே நினைவுச்சின்னமாக்கிய நிகழ்வு இது. பிற்காலத்து முகாம்வாசிகள் எந்தத் தரையில் படுத்துறங்கினார்கள் என்பதை மறவாதிருக்க இது உதவும்.

அவர்களுக்குப் பின் ஆடுகள் வந்தன. கோடைகாலத்தில் கலிபோர்னியாவின் சமவெளி வரண்டு போகவே, இலட்சக்கணக்கான ஆடுகள் மலைப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. ஸ்கொட்லாந்தில் பிறந்து, 1868இல் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்த ஜோன் மியூர் என்ற இளைஞர் அடுத்த ஆண்டுக் கோடையை ஓர் ஆட்டு மந்தையுடனேயே மலையில் கழித்தார். அந்த அனுபவமே அவரை ஆடுகளின் பரம எதிரியாக்கியது. வெட்டுக்கிளிக் கூட்டத்துக்குக் குளம்பு முளைத்தால் எப்படியோ அப்படி என்று அவற்றைப் பற்றி அவர் எழுதினார்.

1890இல் யொசெமிட்டி தேசிய பூங்காவாக்கப்பட்டது. ஆனால் அதைப் பாதுகாக்க ஒரு திணைக்களம் இருக்கவில்லை. 1891இலிருந்து இராணுவத்தின் குதிரைப்படை கோடைதோறும் அங்கு அனுப்பப்பட்டது. ஆடு மேய்ப்போருக்குத் தண்டனை வழங்கச் சட்டம் இடம் தரவில்லையாகையால் படையினர் ஒரு தந்திரத்தைக் கையாண்டனர். மேய்ப்பனைப் பூங்காவின் ஒரு பக்கத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டனர். அவனது ஆடுகளை மறுபக்கத்துக்கு வெளியே விரட்டினர். ஆடுகளைத் தேடிச் சேர்ப்பதற்கிடையில் கோடை முடிந்துவிடும்! 1899, 1903, 1904 ஆகிய ஆண்டுகளில் இந்தப் பணியில் ஈடுபட்டோரில் கறுப்பினப் படைவீரர்களும் இருந்தனர். 1903இல் சிக்கோயா பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்தவர் கப்டன் சார்ள்ஸ் யங். அடிமையாகப் பிறந்து வெஸ்ட்பொயின்ட் இராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், ஒரே கோடையில் ஜயன்ட் ஃபொரஸ்ட் என்ற பெருமரக் காட்டுக்கு வண்டிப்பாதை அமைத்து முடித்தார். பிற்காலச் சுற்றுலாவுக்கு வழி திறந்தது அந்தப் பாதையே.

இப்படி ஆடுகள் வெளியேற்றப்பட்ட புல்வெளிகளுக்குத்தான் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் வந்தன.

சியெரா கிளப்பின் செயலாளராக இருந்தவர் வில்லியம் கோல்பி என்ற இளம் சட்டத்தரணி. மலைகளை நேரிற் காணாதவர்கள் அவற்றுக்காகக் குரல் கொடுக்க மாட்டார்கள் என்பது அவரது வாதம். கழகத்தின் தலைவரான மியூரும் அதையே நீண்டகாலமாக வலியுறுத்தி வந்தார். 1901 யூலையில் 96 பேர் கொண்ட முதலாவது குழு யொசெமிட்டியின் டுவாலமி புல்வெளிக்குப் புறப்பட்டது. மியூர் தமது இரு புதல்வியருடன் சேர்ந்துகொண்டார். அந்தப் பயணத்தில் பங்கேற்க வந்திருந்த முதிய புவியியற் பேராசிரியர் ஜோசப் லீகொன்ட், அது தொடங்குமுன்னரே, யூலை 6ஆம் திகதி யொசெமிட்டிப் பள்ளத்தாக்கில் காலமானார். துயரத்துடனேயே ஆரம்பமாயிற்று எனினும், அந்தப் பயணம் பெரு வெற்றியாக அமைந்தது. அன்றிலிருந்து 'மலைப்பெரும்பயணம்' ஆண்டுவிழாப் போலாயிற்று. கோல்பி 1929 வரை அதனை நடத்தினார். பங்குபற்றியோர் தொகை இருநூறு வரை சென்றது.

இந்தப் பயணத்தின் நடைமுறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலானோர் நடந்தே சென்றனர். சிலர் குதிரையேறினர். படுக்கை, உடை, கூடாரம், உணவு, பாத்திரம், இரும்பு அடுப்பு என அனைத்தும் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறின. ஒரு விலங்கின் இரு புறமும் சம எடையாகப் பொதியைத் தொங்கவிட்டு, மேலே கயிறு சாய்சதுர வடிவில் அமையும்வண்ணம் முடிச்சுப் போடுவது தனிக் கலை. ஒரு விலங்குக்கு ஏறத்தாழ 150 இறாத்தல். நம் நாட்டில் ஒரு காலத்தில் உப்பும் பாக்கும் சுமந்து காட்டுவழிகளில் சென்ற 'தவலம' எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களை அறிந்தோருக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. ஆனால் தவலம வயிற்றுப்பாட்டுக்காகச் சென்றது. இது விடுமுறைக்காகச் சென்றது.

கோவேறு கழுதைக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அது ஒரு பெண்குதிரையைத் தலைவியாக வரித்துக்கொள்ளும். எனவே பொதிக்காரர்கள் கூட்டத்தில் ஒரு பெண்குதிரையைச் சேர்த்து அதன் கழுத்தில் மணி கட்டினர். இரவில் விலங்குகள் எல்லாம் கட்டவிழ்க்கப்பட்டு ஏரிக்கரைப் புல்லில் மேயவிடப்பட்டன. விடியுமுன் பொதிக்காரர் இருளில் காதைத் தீட்டிக்கொண்டு மணியோசை வரும் திசையைத் தேடிச் செல்வார். குதிரை அகப்பட்டால் கழுதைகளும் அகப்பட்டன. அன்று முகாம் நகருமா, தங்குமா என்பதை இந்த மணியே தீர்மானித்தது என்றாலும் மிகையாகாது.

முகாமிடும் இடத்தை முடிவு செய்தவையும் விலங்குகளே. மனிதருக்குத் தட்டையான ஒரு பாறை போதும். நூறு விலங்குகளுக்கு நீரும் புல்லும் வேண்டும். அவை இரண்டும் ஒன்றாய்க் கிடைப்பது ஏரியை ஒட்டிய ஈரப் புல்வெளிகளில் மட்டுமே. ஆகவே ஆண்டு தோறும் அதே ஏரிகள், அதே கரைகள். பின்னால் வந்த சிக்கலின் வித்து இங்கேதான் விழுந்தது.

முகாமில் ஆண்களுக்கு ஒரு பகுதி, பெண்களுக்கு ஒரு பகுதி, தம்பதியருக்கு ஒரு பகுதி எனப் பிரிவு இருந்தது. பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியைகளும் பெருமளவில் கலந்துகொண்டனர். பாவாடையின் நீளத்தை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் பாதியளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம் என்று 1901இல் பெண்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. நகரத்தில் அப்படி நடந்திருந்தால் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். மலை சில கட்டுகளைத் தளர்த்தியது. இரவில் பெருந்தீயைச் சுற்றி அமர்ந்து பாட்டும் சொற்பொழிவும் நடைபெற்றன. தாவரவியலாளரும் புவியியலாளரும் அன்று கண்டவற்றை விளக்கினர். மியூர் கதை சொன்னார்.

சமையல்? ஆரம்ப ஆண்டுகளில் சார்லி டக் என்ற சீனரே தலைமைச் சமையற்காரர். இருநூறு பேருக்கு விடிகாலையில் கோப்பி வைத்து, அவர்கள் புறப்பட்ட பின் அடுப்பைக் கழுதையில் ஏற்றி, அவர்களுக்கு முன்னால் அடுத்த ஏரிக்கரையை அடைந்து, மாலை உணவை ஆக்கி வைத்திருப்பது சாமானிய வேலையன்று. அதே காலத்தில், 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் நுழைவதே தடுக்கப்பட்டிருந்தது. பழைய முகாம்களைப் பற்றிப் படிக்கும்போது பேராசிரியர்களின் பெயர்களும் சட்டத்தரணிகளின் பெயர்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. அடுப்படியில் நின்றவர்களின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. படங்களுக்கு அடிக்குறிப்பு எழுதியே தலை நரைத்த என்னால் இதை எளிதில் கடந்துபோக முடியவில்லை. நாமும் அப்படித்தானே எழுதினோம்: 'படத்தில் அமைச்சர், மாவட்டச் செயலாளர் மற்றும் பலர்.'

இந்தப் பயணங்களின் அரசியல் பயன் விரைவிலேயே சோதனைக்குள்ளாயிற்று. 1906இல் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்த சான் பிரான்சிஸ்கோ நகரம் நீருக்காக யொசெமிட்டிப் பூங்காவுக்குள்ளேயே இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்டக் கேட்டது. மியூரும் கோல்பியும் எதிர்த்தனர். அந்தப் பள்ளத்தாக்கை நேரிற் கண்டவர்கள் மிகச் சிலர் என்பதே அவர்களது பெரும் பலவீனமாயிற்று. காணாத இடத்துக்காக யார் கடிதம் எழுதுவார்? 1913 டிசெம்பர் 19ஆம் திகதி ஜனாதிபதி வில்சன் அணைக்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். அடுத்த ஆண்டு நத்தாருக்கு முதல் நாள் மியூர் இறந்தார். 1923இல் அணை எழுந்தது. முகாம்வாசிகள் நடந்த புல்வெளி நீருக்கடியில் மறைந்து, மனிதன் உண்டாக்கிய ஏரியொன்று அங்கு தோன்றியது.

தோல்வியிலிருந்து கழகம் கற்ற பாடம் ஒன்றே: இன்னும் அதிகமானோரை மலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். மியூரின் மரணத்தை அடுத்து, 1915இல் கலிபோர்னியச் சட்டசபை அவர் பெயரில் ஒரு நெடும்பாதை அமைக்க 10,000 டொலரை ஒதுக்கியது. மலைமுகட்டை ஒட்டி வடக்குத் தெற்காக ஒரு பாதை என்ற எண்ணம் தியடோர் சொலமன்ஸ் என்பவருக்கு 1884இல், பதினான்கு வயதில், மாடு மேய்த்துக்கொண்டிருந்த வேளையில் உதித்ததாம். பின்னர் அவர் நேரிற் சென்று வழி தேடினார். டார்வின், ஹக்ஸ்லி, வாலஸ் என்று பரிணாமக் கொள்கையாளரின் பெயர்களைச் சிகரங்களுக்குச் சூட்டினார். யொசெமிட்டிப் பள்ளத்தாக்கிலிருந்து 14,505 அடி உயரமான விட்னி சிகரம் வரை 211 மைல் நீளும் அப்பாதை 1938இலேயே முற்றுப்பெற்றது. மனிதன் ஏறக்கூடிய வழி வேறு, பொதி சுமந்த விலங்கு ஏறக்கூடிய வழி வேறு. பாறையைப் பிளந்து, வளைவுக்கு மேல் வளைவாக, விலங்கின் காலுக்கு ஏற்பப் பாதையைச் செதுக்கியதே இத்தனை ஆண்டுகள் பிடித்ததற்கு முக்கிய காரணம்.

அதே 1915 யூலையில் நடந்த இன்னொரு முகாமையும் சொல்லியாக வேண்டும். வெண்காரம் விற்றுச் செல்வந்தரான ஸ்டீபன் மாதர், தேசிய பூங்காக்களுக்கென ஒரு தனித் திணைக்களத்தை உருவாக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். வாஷிங்டனில் விருந்து வைப்பதற்குப் பதிலாகத் தமது சொந்தச் செலவில் செல்வாக்குள்ள சிலரைக் குதிரைகளில் ஏற்றி, சிக்கோயாவின் பெருமரங்களிலிருந்து மலைமுகடு வரை இரு வாரங்கள் அழைத்துச் சென்றார். நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் ஆசிரியர் கில்பர்ட் குரோவ்னர், காங்கிரஸ் உறுப்பினர் பிரெட்ரிக் கிலெட், புகையிரதக் கம்பனியொன்றின் உபதலைவர் ஆகியோர் அதில் அடங்குவர்.

அந்த முகாமின் நாயகர் மாதர் அல்ல, டை சிங் என்ற சீனச் சமையற்காரர் என்பதே என் கணிப்பு. அவர் நில அளவைக் குழுக்களுடன் மலைகளில் பல்லாண்டு பணியாற்றியவர். காலையில் மாவைப் புளிக்க வைத்துக் கோவேறு கழுதையின் உடலோடு ஒட்டக் கட்டிவிடுவார். நாள் முழுதும் நடக்கும் விலங்கின் உடற்சூட்டில் மாவு பொங்கும். மாலையில் ஏரிக்கரையில் சுடச்சுடப் பாண்! வெள்ளைத் துணி விரித்த மேசையில் உணவு பரிமாறப்பட்டது. வழியில் உணவுப்பொதி சுமந்த விலங்கொன்றை இழந்தபோதும் விருந்து நிற்கவில்லை. வயிறு நிறைந்த மனிதன் மலையை எதிரியாகப் பார்ப்பதில்லை என்பதை மாதர் அறிந்திருந்தார்.

பலன் கைமேல் கிடைத்தது. 1916 ஏப்ரல் நஷனல் ஜியோகிரபிக் இதழ் அமெரிக்க இயற்கைக் காட்சிகளுக்கென ஒதுக்கப்பட்டு, காங்கிரஸ் உறுப்பினர்களின் கைகளில் சேர்க்கப்பட்டது. ஓகஸ்ட் 25இல் தேசிய பூங்காச் சேவை சட்டமாயிற்று. ஜயன்ட் ஃபொரஸ்டில் தனியார் வசமிருந்த நிலத்தை வாங்க 70,000 டொலர் தேவைப்பட்டபோது, அரசு ஒதுக்கிய 50,000 போக மீதியைக் குரோவ்னரின் சங்கமே கொடுத்தது. டை சிங் 1918இல் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் இறந்தார். யொசெமிட்டியில் அவர் பெயரில் ஒரு சிகரம் உண்டு. 1899இலேயே, அவர் உயிரோடிருக்கும்போதே, நில அளவையாளர்கள் அதற்குச் சிங் சிகரம் என்று பெயரிட்டுவிட்டனர்.

மலைப்பெரும்பயணம் உருவாக்கிய இன்னொருவர் அன்சல் அடம்ஸ். 1928இல் அவர் பயணத்தின் புகைப்படக்காரரானார். 1930களில் முகாமிடும் இடங்களைத் தெரிவு செய்வதிலும் அவருக்குப் பங்கிருந்தது. 1936இல் தமது படங்களை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் சென்று, கிங்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குகளைப் பூங்காவாக்கும்படி கோரினார். ஜோன் மியூர் பாதை பற்றிய அவரது படநூல் 1938இல் வெளிவந்தது. 1940 மார்ச்சில் கிங்ஸ் கன்யன் தேசிய பூங்கா பிறந்தது. ஹெட்ச் ஹெட்சியில் இல்லாமற்போன சாட்சிகள் இம்முறை இருந்தனர். கோல்பியின் வாதம் வென்றுவிட்டது எனலாம்.

ஆனால் புல்வெளிகள் வேறொரு கணக்கை வைத்திருந்தன.

உயர்மலைப் புல்வெளி என்பது பார்வைக்கு நம்மூர் வயல்வெளி போலத் தோன்றினும் தன்மை வேறு. கருங்கல்லின் மேல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த மெல்லிய கரிமண். அதைப் பின்னிப் பிடித்திருக்கும் வேர்கள். ஆண்டில் ஏறத்தாழ பத்து வாரமே அது வளரும். பனி உருகிய கையோடு, ஈரம் காயுமுன், ஆயிரம் இறாத்தல் எடையுள்ள ஒரு குதிரை கால் வைத்தால் குளம்பு வேர்ப்பின்னலைக் கிழித்துக்கொண்டு இறங்கும். நூறு விலங்குகள் ஒரே தடத்தில் சென்றால் அத்தடம் வாய்க்காலாகும். உருகுநீர் அதில் ஓடி மேலும் ஆழமாக்கும். வாய்க்கால் ஆழமாக ஆழமாகப் புல்வெளியின் நிலத்தடி நீர் அதனுள் வடிந்து கீழிறங்கும். ஈரம் போனதும் புல் மாறும். பைன் கன்றுகள் முளைக்கும். ஏரிக்கரையிலோ, அடுப்புக்காகப் பட்டமரங்கள் எல்லாம் வெட்டப்பட்டு, தகரப் பேணிகள் குழிகளில் குவிந்தன.

லோவல் சம்னர் என்ற பூங்காச் சேவை உயிரியலாளர் இச்சேதத்தை நேரிற் கண்டு எழுதி எச்சரித்தார். மியூர் ஆடுகளைப் பற்றிச் சொன்னதையே ஏறத்தாழ, மியூரின் வழிவந்தோரது குதிரைகளைப் பற்றிச் சொல்லவேண்டிய நிலை. கழகத்தார் இதை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவர்கள் அதை மூடிமறைக்கவில்லை. 1949இல் பேர்க்லியில் ஒரு மாநாடு கூட்டப்பட்டது. பூங்கா அதிகாரிகள், வனத்திணைக்களத்தார், கழகத்தார் மட்டுமன்றி, பிழைப்பே பாதிக்கப்படக்கூடிய பொதிக்காரர்களும் அழைக்கப்பட்டனர். எத்தனை பேரை, எத்தனை விலங்குகளை ஒரு புல்வெளி தாங்கும் என்ற கேள்வி அங்கு வெளிப்படையாகப் பேசப்பட்டது. இரு ஆண்டுகளில், 1951இல், அந்த வினைச்சொல் நீக்கப்பட்டது. மறு ஆண்டில் கழகத்தின் முதலாவது நிறைவேற்றுப் பணிப்பாளரான டேவிட் பிரௌவரும் மலைப்பெரும்பயணங்களை வழிநடத்தியவரே. பின்னர் துப்புரவுப் பயணங்கள் தொடங்கின. இம்முறை பொதிவிலங்குகள் ஏற்றி வந்தது பழைய முகாம்களின் குப்பையை. குழுக்கள் சிறிதாகின. 1970களின் தொடக்கத்தில் மலைப்பெரும்பயணம் முற்றாக நின்றது.

குதிரைகள் நிற்கவில்லை. மெக்சிக்கோ எல்லையிலிருந்து கனடா வரை ஏறத்தாழ 2,650 மைல் செல்லும் பசிபிக் முகட்டுப் பாதை, 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய பாதையாக்கப்பட்டபோது நடப்போருக்கும் குதிரையில் செல்வோருக்கும் பொதுவானதாகவே வகுக்கப்பட்டது. ஜோன் மியூர் பாதையின் பெரும்பகுதி அதனுடன் ஒன்றாகச் செல்கின்றது. சியெரா பூங்காக்களில் ஒரு குழுவில் 15 பேருக்கு மேல் செல்லலாகாது. விலங்குகளுக்கும் இடத்துக்கேற்ப 20, 25 என எல்லை உண்டு.

இந்த எல்லைகளும் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை. கால்நடையாகச் செல்வோரின் சங்கமொன்று சிக்கோயா, கிங்ஸ் கன்யன் பூங்காக்களில் பொதிவிலங்குகளைப் பற்றிய திட்டம் சட்டப்படி ஆராயப்படவில்லை என்று வழக்குத் தொடுத்து 2012இல் வென்றது. அந்தக் கோடையில் குதிரைப் பயணங்கள் நின்றுவிடுமோ என்ற அச்சம் எழவே, காங்கிரஸ் ஒரு தனிச் சட்டமே இயற்றி, புதிய திட்டம் வரும்வரை அவற்றை அனுமதித்தது. முதியோரும் உடல் இயலாதோரும் குதிரையின்றி மலைமுகட்டைக் காண முடியாது என்பது பொதிக்காரர் வாதம். வேருடன் பெயர்ந்த புல்லுக்கு வாதம் தெரியாது என்பது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. தனிப்பட்ட முறையில் நான் பொதிக்காரர் பக்கம் சற்றுச் சாய்பவன். முழங்கால் வலி இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம்.

2020 யூலையில் சியெரா கிளப் இன்னொரு கணக்கையும் திறந்தது. பூர்வகுடிகளையும் கறுப்பினத்தாரையும் பற்றி மியூர் எழுதியவற்றில் இழிவான பகுதிகள் இருந்தன என்பதையும், ஆரம்பகாலக் கழகம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் அது பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. மக்கள் எளிதில் அணுகும்படி செய்வது என்ற நோக்கத்தில் 'மக்கள்' என்பது யாரைக் குறித்தது என்ற கேள்வி, அந்தச் சொல் நீக்கப்பட்டு எழுபது ஆண்டுகள் ஆகும் வேளையில் எழுந்தது. லீகொன்டின் பெயரில் யொசெமிட்டியில் இருந்த கழக மண்டபத்தின் பெயர் அதற்கு முன்னரே, 2016இல், மாற்றப்பட்டுவிட்டது. தெனாயா ஏரியின் பெயர் மாறவில்லை.

இப்போது சிக்கோயா, கிங்ஸ் கன்யன் பூங்காக்களில் ஒவ்வொரு கோடைக்கும் புல்வெளிகளுக்கெனத் 'திறக்கும் திகதி' குறிக்கப்படுகின்றது. அவ்வாண்டு பனி அதிகமா குறைவா என்பதைப் பார்த்து, மண் காயும் நாளைக் கணித்து அதை அறிவிக்கின்றனர். அதற்கு முன்னர் அங்கு குதிரைகளை மேயவிட முடியாது. பொதிக்காரர்கள் அந்த அறிவிப்பைப் பார்த்தே தமது பயணங்களை வகுக்கின்றனர். திகதி வந்ததும் மணி கட்டிய பெண்குதிரை முன்னே செல்ல, கழுதைகள் பின்னே ஏறுகின்றன.